மரகதச் சோலையில் முட்டை இல்லை

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள், அது எங்கேயும் ஓடிப்போகாது. அடுப்பில் பால் வைத்தவர்கள் அணைத்துவிட்டு வாருங்கள். ஒரு முட்டை ஓட்டுக்காக ஒரு சங்கமே கூடி, தீர்மானம் போட்டு, தனக்குத் தானே கைதட்டிக்கொண்ட கதையை இன்றைக்குச் சொல்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். கதையில் வருகிறவர்களில் ஒருத்தியைத் தவிர யாருமே சிரிக்கவில்லை. அவர்களுக்கும் சேர்த்து நாம்தான் சிரிக்க வேண்டியிருக்கிறது.

கள்ளிக்குப்பத்தில் மரகதச் சோலை என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. சோலை என்று பெயர் வைத்தாயிற்று, அப்புறம் மரம் எதற்கு என்று கட்டியவர் நினைத்திருக்க வேண்டும். வாசலிலிருந்து பின்சுவர் வரை சிமெண்டுக் கல் பதித்துவிட்டார். தப்பித்தது பின்சுவரோரம் ஒரு துண்டு மண்தான். தரைத்தளத்தில் குடியிருந்த கஸ்தூரியின் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே அது இருந்தது.

கஸ்தூரியின் புருஷன் தினேஷ், திருவேற்காட்டுக்கும் கோயம்பேட்டுக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறவன். குடியிருப்பு நிற்கிற இடமே ஒரு காலத்தில் அவன் அப்பா நெல் போட்ட இடம். அதற்கு ஈடாகக் கட்டியவர் ஒரு வீடு கொடுத்தார். "பின்னாடி இருக்கிற மண்ணு உங்களுக்குத்தாம்மா" என்று வாயாலும் சொல்லிவிட்டுப் போனார். வாயால் சொன்னதற்குப் பட்டா கிடையாது என்பது கஸ்தூரிக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த மண்ணில் அவள் தக்காளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு ரோஜா, ஒரு கற்றாழை வைத்திருந்தாள். வீட்டில் முட்டை உடைத்தால் ஓட்டைத் தூக்கிப் போடமாட்டாள். கழுவி, வெயிலில் காயவைத்து, நசுக்கித் தக்காளிக்குப் போடுவாள். நத்தை ஏறாமலிருக்க மிளகாய்ச் செடியைச் சுற்றி வளையம் போடுவாள். முழு ஓடாகக் கிடைத்தால் கற்றாழையின் முனைகளில் கவிழ்த்து வைப்பாள், திருஷ்டிக்கு. சமையலறை டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒன்று, பல்லி வராமலிருக்க. பல்லிக்கு இந்த ஏற்பாடு தெரியுமா என்று நாம் கேட்க வேண்டாம்.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? மரகதச் சோலை சுத்த சைவக் குடியிருப்பு, அதுதான் தப்பு. வாசற்பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. வீடு விற்கும்போது அதைச் சொல்லித்தான் விற்றார்கள். வாடகைக்கு விடும்போதும் அதைக் கேட்டுத்தான் விட்டார்கள். தஞ்சாவூர், கோயம்புத்தூர், திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ வந்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற குடும்பங்கள் எல்லாம் ஒரே வாயாக "நாங்க முட்டைகூடத் தொடமாட்டோம்" என்று சொல்லிக் குடிவந்தார்கள். இடம் கொடுத்த குடும்பம் என்பதால் கஸ்தூரி வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கை எல்லோரும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பொறுத்துப் போனார்கள்.

ஒரு நாள் காலை நடைப்பயிற்சியில் வந்த குடியிருப்போர் சங்கத் தலைவர் ராஜசேகரன் அந்த மண்ணுக்கு முன்னால் நின்றுவிட்டார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி அவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாலே எதிரில் இருப்பவர் விண்ணப்பம் நீட்டத் தோன்றும்.

"என்னம்மா இது?"

"தக்காளி செடி சார்."

"செடி எனக்கும் தெரியுது. செடிக்கு அடியில?"

"முட்ட ஓடு சார். காயி அடிப்பக்கம் கறுத்துப் போயி அழுகி விய்ந்துகினு இருந்திச்சி. இத்த போட்டப்புறம் நல்லா கீது."

"அதெல்லாம் நான் கேட்கல. இது சைவமா, அசைவமா?"

கஸ்தூரி குழம்பிப் போனாள். "ஓடா சார்? ஓட்ட யாரும் துன்ன மாட்டாங்களே!"

தலைவர் கட்டின கையை அவிழ்க்காமலே நடையைத் தொடர்ந்தார். அன்று மாலை லிஃப்ட் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பொதுவெளியில் காணப்படும் அசைவக் கழிவு உடனே அகற்றப்பட வேண்டும். தவறினால் மேற்படி மண்பகுதி சிமெண்டுக் கல் பதிக்கப்பட்டு ஸ்கூட்டர் நிறுத்துமிடமாக மாற்றப்படும். கீழே தலைவரின் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே, "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்."

கஸ்தூரிக்குச் சோறு இறங்கவில்லை. மண்ணைப் பிடுங்கிவிடுவார்களே என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசாரணைக்கு வரச் சொன்னார்கள், போனாள். விளம்பரத்தில் உடற்பயிற்சிக் கூடம் என்று காட்டிய அறைதான் சங்க அலுவலகம். அங்கே ஒரே ஒரு இரும்புக் குண்டு இருந்தது. அதைக் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

தலைவருக்கு ஒரு பக்கம் செயலாளர் தாட்சாயிணி, கோயம்புத்தூர்ப் பெண், பெரிய கம்பெனியில் ஆட்களை எடுக்கிற வேலை. மறுபக்கம் பொருளாளர் ஸ்ரீகாந்த், எதைச் சொன்னாலும் "கரெக்ட் சார்" என்கிற பிள்ளை. நடுவில் கஸ்தூரி, கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் சாட்சிப் பொருளாக ஓர் ஓடு.

"முதல்ல இது ஈரக் கழிவா, உலர் கழிவான்னு முடிவு பண்ணணும்" என்றார் தலைவர். "பச்சைத் தொட்டியா, நீலத் தொட்டியா?"

"காஞ்சிருக்குங்களே சார், உலர் கழிவு" என்றாள் தாட்சாயிணி.

"ஆனா உள்ளே இருந்தது ஈரம்."

"கரெக்ட் சார்" என்றான் ஸ்ரீகாந்த்.

"அப்போ ஈரக் கழிவா?"

"அதுவும் கரெக்ட் சார்."

கடைசியில் நாற்றம் இருந்தால் அசைவம், இல்லாவிட்டால் பொது என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூவர் அடங்கிய முகர்வுக் குழு அங்கேயே அமைக்கப்பட்டது. தலைவர் முகர்ந்து, "ஏதோ இருக்கு" என்றார். தாட்சாயிணி முகர்ந்து, பாத்திரம் கழுவுகிற சோப்பு வாசனை வருகிறது என்றாள். ஸ்ரீகாந்துக்கு ஜலதோஷம்; நடுநிலை வகித்தான். ஒன்றுக்கு ஒன்று என்று வாக்கு சமமாகிவிட்டதால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

"அப்ப என் செடிங்க சார்?" என்றாள் கஸ்தூரி.

"அடுத்த கூட்டம் வரைக்கும் வளரட்டும்" என்று தலைவர் அனுமதி கொடுத்தார்.

அடுத்த கூட்டத்துக்குள் உலகம் தலைகீழாகிவிட்டது, கண்ணுகளா. ஏதோ ஒரு பசுமை அறக்கட்டளை, குப்பையை நல்லபடியாகப் பயன்படுத்துகிற குடியிருப்புக்கு விருது தரப்போவதாக அறிவித்தது. தாட்சாயிணி கைப்பேசியில் தேடினாள். முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து; முட்டை ஓடு மண்ணுக்கு நல்லது; வெளிநாட்டில் எல்லாம் முட்டை ஓடுதான். ஓடிவந்து தலைவரிடம் காட்டினாள். தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இதைத்தானே நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டு வர்றேன்" என்றார்.

லிஃப்ட் கதவில் பழைய அறிவிப்பின் மேலேயே புதிய அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஒவ்வொரு வீடும் முட்டை ஓடுகளைச் சேகரித்துக் கீழ்த்தளத்து டிரம்மில் போட வேண்டும். ஆனால் சைவக் குடியிருப்பின் அறிவிப்பில் முட்டை என்ற சொல் வரலாமா? அதற்கு ஒரு தனிக் கூட்டம் போட்டார்கள். 'வெண்ணுறை' என்று பெயர் வைத்தார்கள். வெண்ணுறை மறுசுழற்சி இயக்கம். பேனர் அடித்தார்கள். பேனரில் தலைவர் படம் பெரிதாக, ஓட்டின் படம் ஓரமாக.

டிரம்முக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்துத் திறந்து வைத்தார்கள். காத்திருந்தார்கள். டிரம்மில் விழுந்தது அந்தத் தேங்காய் மூடியும், யாரோ போட்ட பஸ் டிக்கெட்டும்தான்.

வேறென்ன விழும்? ஓடு போட்டால் முட்டை தின்றதாக ஆகிவிடுமே! பொதுக்குழு கூடியது. "யார் வீட்டிலாவது வெண்ணுறை இருந்தால் கூச்சப்படாமல் கை தூக்கலாம்" என்றார் தலைவர். ஒரு கை எழவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டாரைப் பார்த்தார்கள், பிள்ளைகளின் வாயைப் பார்த்தார்கள். வாய் திறக்கப்போன ஒரு சின்னப் பெண்ணை அவள் அம்மா அணைத்துக்கொண்டாள், வாயோடு சேர்த்து.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற வேம்புலியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குடியிருப்பைப் பெருக்கிக் குப்பை எடுக்கிறவள் அவள்.

"இன்னா கஸ்தூரி பாக்குற? ஓட்ட பால் கவர்ல சுத்தி, அது மேல பேப்பர சுத்தி, அது மேல ரப்பர் பேண்டு போட்டுக் குடுக்குதுங்க. பெத்த கொயந்தையகூட அப்டி சுத்தாதுங்க. இன்னும் சிலது ஆபீஸ் பையில எட்துகினு போயி பைபாஸ் ரோட்ல வீசிட்டுப் போவுது."

"ஐய, மெதுவா பேசுக்கா. காதுல வுயப்போவுது."

"வுயட்டுமே. அவங்கதான் முட்டயே பாத்ததில்லையே. நான் இன்னாத்த சொல்றேன்னே புரியாது."

கூட்டம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது: மரகதச் சோலையில் முட்டை உண்பவர் எவரும் இல்லை. அதற்கு அடுத்த தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியது: விருதுக்குத் தேவையான வெண்ணுறைகளை வெளியிலிருந்து வாங்கலாம்.

அந்த வேலை ஸ்ரீகாந்த் தலையில் விழுந்தது. பூந்தமல்லியில் முட்டை பப்ஸ் போடுகிற பேக்கரி, நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையோரத்துப் பரோட்டாக் கடை என்று அலைந்தான். கடைக்காரர்கள் முதலில் அவனை உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்று நினைத்துப் பயந்தார்கள். பிறகு பைத்தியம் என்று நினைத்து இரக்கப்பட்டு, மூட்டை மூட்டையாகச் சும்மாவே கொடுத்தார்கள். கார் பின்சீட்டில் மூட்டைகளை வைத்து, ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டி வந்தான்.

"இன்னா நைனா, கார்ல இன்னாமோ செத்துக் கீது போல" என்றாள் வேம்புலியம்மாள்.

"வெண்ணுறைம்மா."

"அதான, பாத்தேன். முட்டன்னா இப்டி நாறாது."

ஓட்டுக்கு முதலில் மஞ்சள் நீர் தெளித்துச் சுத்தி செய்தார்கள், அசைவத் தீட்டு போக. கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சுத்தியான பிறகு கழுவுவது நம்பிக்கையின்மை ஆகும் என்று தலைவர் விளக்கினார். பொடிக்க மிக்ஸி கேட்டபோது எந்த வீட்டு மிக்ஸியும் அன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லை. அதனால் முழு ஓடாகவே போடுவது என்று முடிவாயிற்று.

போட மண் வேண்டுமே? சிமெண்டுக் கல்லில் போட முடியாது. குடியிருப்பு முழுக்கத் தேடி, கஸ்தூரியின் மண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள். அதைச் சுற்றி நைலான் கயிறு கட்டினார்கள். 'மாதிரித் தோட்டம். அனுமதியின்றி உள்ளே வராதீர்' என்று பலகை நட்டார்கள். நட்ட இடத்தில்தான் மிளகாய்ச் செடி இருந்தது.

கறிவேப்பிலை பறிக்கக் கயிற்றைத் தூக்கின கஸ்தூரியைத் தாட்சாயிணி தடுத்தாள்.

"அக்கா, சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. நடுவர் வந்துட்டுப் போற வரைக்கும் உள்ள போக வேண்டாங்க."

"நான் வெச்ச செடிம்மா. ரசத்துக்குத் தாளிக்கணும்."

"புரியுதுங்கக்கா. ஆனா இப்போ இது உங்க தோட்டம் இல்லைங்க, புராஜெக்டுங்க."

ஓட்டு மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினார்கள். தக்காளி முழங்கால் வரை புதைந்தது. ரோஜா கழுத்து வரை. பேக்கரி ஓட்டில் ஒட்டியிருந்த பிசுக்குக்கு எறும்பு வந்தது. எறும்புக்குப் பின்னால் எலி, எலிக்குப் பின்னால் பூனை, எல்லாவற்றுக்கும் மேலே காக்கை. இலைகள் மஞ்சளாகிக்கொண்டு வந்தன. கஸ்தூரி ஜன்னலுக்கு உள்ளே நின்று, எட்டின மட்டும் கையை நீட்டி, கரண்டியால் ஓட்டை ஒதுக்கி ஒதுக்கித் தண்ணீர் ஊற்றினாள். அதையும் யாரோ படம் பிடித்து, 'மாதிரித் தோட்டத்தில் அத்துமீறல்' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள்.

தலைவரிடம் போய் நின்றாள். "நடுவரு போனப்புறமாச்சும் என் மண்ணு என்கிட்ட வந்துடுமா சார்?"

"விருது கிடைச்சா அந்த இடத்துல கல்வெட்டு வைக்கணும்மா. கிரானைட். அதுக்கு அஸ்திவாரம் எடுக்கணும்."

"கெடைக்கலன்னா?"

"கிடைக்கலன்னா ஸ்கூட்டர்."

ஆக, ஜெயித்தாலும் சிமெண்டு, தோற்றாலும் சிமெண்டு. கஸ்தூரி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணைக் கசக்கினாள். தினேஷ் சண்டைக்குக் கிளம்பினான். "நீ கம்முனு இரு, நான் பாத்துக்கறேன்" என்று உட்காரவைத்தாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியாது.

நடுவர் வந்தார். ரேஷ்மா என்று பெயர். பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. கையோடு தண்ணீர்ப் பாட்டில் கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப் பரிசு எல்லாம் கொடுத்தார்கள். மூன்றுமே பிளாஸ்டிக் உறையில் இருந்தன. பந்தல் போட்டிருந்தார்கள். நாற்றம் தெரியாமலிருக்க ஊதுவத்தியைக் கொத்துக் கொத்தாகக் கொளுத்தி வைத்திருந்ததால் எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அவையோரே! முப்பதாண்டு அரசுப் பணியில் நான் ஒரு கோப்பையும் அவசரப்பட்டு முடித்ததில்லை. முடித்துவிட்டால் எனக்குப் பின் வருகிறவருக்கு என்ன வேலை என்று சிந்தித்தவன் நான். அதே பொறுப்புணர்வோடுதான் இந்த மண்ணையும் அணுகினேன். முன்பு இங்கே யாரோ தக்காளி வளர்த்து, பறித்து, சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திட்டம் இல்லை, குழு இல்லை, பேனர்கூட இல்லை! அந்த ஒழுங்கீனத்தை நாங்கள் முடிவுக்குக் கொண்டுவந்தோம். இன்று இங்கே தக்காளி இல்லை. இயக்கம் இருக்கிறது!"

கைதட்டல்.

"இன்னொன்றையும் பெருமையோடு பதிவு செய்கிறேன். மரகதச் சோலை சுத்த சைவக் குடியிருப்பு. இங்கே ஒருவர்கூட முட்டையைத் தொடுவதில்லை. அப்படியிருந்தும் இத்தனை ஓடுகளை எங்கள் மக்களே தங்கள் இல்லங்களிலிருந்து சேகரித்துத் தந்திருக்கிறார்கள்!"

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. அது ஓய்ந்ததும் ரேஷ்மா மெதுவாகக் கேட்டார்.

"சந்தோஷம் சார். ஒரே ஒரு சந்தேகம். யாருமே முட்டை சாப்பிடலன்னா, இந்த ஓடெல்லாம் யார் வீட்டிலேர்ந்து வந்தது?"

ஊதுவத்திப் புகை நேராக மேலே போயிற்று. யாரும் இருமவில்லை. ஸ்ரீகாந்த் பழக்கதோஷத்தில் "கரெக்ட் மேடம்" என்றான்.

"வெளியிலேர்ந்து வாங்கினதுன்னா நாங்க கணக்குல எடுக்க முடியாது. அதான் கேட்கிறேன்."

தலைவரின் கண் கூட்டத்தில் தேடியது. வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் அந்தக் கண் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்ற கஸ்தூரியின் மேல் போய் நின்றது.

"அதோ, அவங்க வீடு! இடம் கொடுத்த குடும்பம், விதிவிலக்கு. எல்லாம் அவங்க வீட்டு ஓடுதான்!"

ரேஷ்மா, பேக்கரிக்காரனும் பரோட்டாக் கடைக்காரனும் சேர்ந்து உடைத்த அந்தக் குன்றைப் பார்த்தார். கஸ்தூரியைப் பார்த்தார். அவள் ஒல்லியான பெண்.

"எல்லாமா?"

தாட்சாயிணி கஸ்தூரியின் பக்கத்தில் வந்து முணுமுணுத்தாள். "அக்கா, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பில்டிங் மானமே போயிருங்க."

மொத்தப் பந்தலும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது கஸ்தூரிக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் கயிற்றைத் தூக்கி உள்ளே வந்தாள். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. மெதுவாகச் சொல்ல வேண்டியதை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்.

"சார், நான் எது வேணா சொல்றேன். அதுக்கு மின்ன நீங்க ஒண்ணு சொல்லுங்க. இந்த மண்ணு யாருது?"

"இப்போ எதுக்கும்மா அது…"

"இல்ல சார், எங்க ஊட்டு ஓடுன்னா, ஓடு கெடக்குற மண்ணும் எங்க ஊட்டுதா, இன்னான்னு தெரிஞ்சிக்கணும். சிமெண்டு போடுவீங்களா? கல்லு நடுவீங்களா?"

தலைவர் நடுவரைப் பார்த்தார். நடுவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டார். முப்பதாண்டில் முதல்முறையாக ராஜசேகரன் ஒரு விஷயத்தை உடனே முடித்தார்.

"மண் அவங்களோடதுதான். சங்கம் தலையிடாது. சிமெண்டு கிடையாது. கல்லும் கிடையாது."

"எல்லாருக்கும் கேட்டுச்சில்ல?" என்றாள் கஸ்தூரி.

"கேட்டுச்சி, கேட்டுச்சி" என்று வேம்புலியம்மாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

கஸ்தூரி நடுவர் பக்கம் திரும்பினாள். "ஆமா மேடம். அல்லா முட்டையும் நாங்கதான் துன்னோம். நானும் எங்க ஊட்டுக்காரரும்."

பின்னால் நின்ற தினேஷுக்குத் தாங்கவில்லை. "அடிப்பாவி! ரெண்டாவது ஆம்லெட்டு கேட்டா, ஒடம்புக்கு ஆவாதுன்னு தட்ட எட்துகினு போவியே!"

ரேஷ்மா எழுதினார். என்ன எழுதினாரோ, விருது ஆவடிப் பக்கம் வேறொரு குடியிருப்புக்குப் போயிற்று. மரகதச் சோலைக்கு 'தனிநபர் முயற்சிக்கு ஊக்கச் சான்றிதழ்' என்று ஒன்று வந்தது. தனிநபரின் பெயர் கஸ்தூரி என்று அதில் இருந்தாலும், தலைவர் அதைத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். போகட்டும். மண் நின்றுவிட்டது. வேம்புலியம்மாளும் கஸ்தூரியும் ஓட்டையெல்லாம் வாரி, கழுவி, காயவைத்து, மிதித்துப் பொடியாக்கி, ஒரு பிடியைச் செடிக்குப் போட்டு, மிச்சத்தைக் கோணியில் கட்டி வைத்தார்கள். ரோஜா பிழைத்துக்கொண்டது. தக்காளியைப் புதிதாக நட வேண்டியிருந்தது.

இதோடு முடிந்தது என்றுதான் கஸ்தூரியும் நினைத்தாள். ஒரு சாயங்காலம் ஜன்னலில் யாரோ தட்டினார்கள். மூன்றாம் மாடிப் பெண். பால் கவரில் சுற்றி, பேப்பரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்ட ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"இது உங்களோடதுங்கக்கா."

"என்னுதா? நான் எதுவும் வைக்கலியே!"

"எல்லா முட்டையும் நீங்க சாப்பிட்டதுதானே? சங்க மினிட்ஸ் நோட்டுலயே எழுதியிருக்கே. அதான், உங்க ஓட்டை உங்ககிட்டயே குடுத்துடலாம்னு."

அடுத்து இரண்டாம் மாடி. அடுத்து தாட்சாயிணி, அவள் மட்டும் பேப்பர் சுற்றாமல் கிண்ணத்திலேயே கொண்டுவந்தாள், கழுவியும் இருந்தது. இப்படி ஒவ்வொரு வீடாக ஜன்னலுக்கு வந்தது. மரகதச் சோலையில் முட்டை வாசனை தைரியமாகப் படியிறங்கத் தொடங்கியது. யாராவது கேட்டால், "கீழ் வீட்டில் ஆம்லெட் போடுகிறார்கள்" என்று பதில் தயாராக இருந்தது. கஸ்தூரி வீடு பூட்டியிருந்த நாட்களிலும் அதே பதில்தான்.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் தலைவரின் மனைவி சாவித்திரி வந்தார். பட்டுப் புடவை முந்தானைக்குள் ஒரு டிபன் டப்பா.

"கஸ்தூரி, உன்னோட ஓடு கொஞ்சம் எங்க வீட்ல இருந்ததும்மா."

கஸ்தூரி டப்பாவைத் திறந்து பார்த்தாள். கொஞ்சம் இல்லை, நிறையவே இருந்தது.

"சாருக்கு ஒடம்பு நல்லா கீதாம்மா?"

"டாக்டர் தினமும் ரெண்டு வெள்ளைக் கரு சாப்பிடச் சொல்லியிருக்கார். இங்க குடிவந்த நாள்லேர்ந்து" என்ற சாவித்திரி, குரலைத் தணித்து, "அந்தக் கறிவேப்பிலைல ஒரு கொத்து கொடேன். பொடிமாஸுக்கு நன்னா இருக்கும்" என்றார்.

கஸ்தூரி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இரண்டு கொத்தாகவே ஒடித்துக் கொடுத்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், கால் மரத்துப் போயிருக்கும். உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உண்டதை ஊருக்கு மறைக்காமல் உண்டு வளரட்டும். எது உடைந்தாலும் உங்கள் வீட்டில் வீணாகாமல், ஏதாவது ஒரு செடியின் வேருக்குப் போய்ச் சேரட்டும். உங்கள் ஜன்னலைத் தட்டுகிறவர்களுக்குக் கொடுக்க உங்களிடம் எப்போதும் இரண்டு கொத்து பசுமையாக இருக்கட்டும். நல்லபடியாகப் போய் வாருங்கள்.